கப்பல் திரும்பியதைப் பார்த்த ஹமீதா அக்கா

செய்தி வந்தபோது நான் லாட்ஜ் வரவேற்பில் ஒரு குடும்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஏரி தெரிகிற அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவர்கள், காலையில் எழுந்து பார்த்தால் மூடுபனியில் ஏரியையே காணோம் என்று என்னிடம் நியாயம் கேட்டார்கள். கைப்பேசி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன். ஒண்டிக்கடை காதர் பாய்.

“செல்வி கண்ணு, உங்க அக்கா போயிட்டாம்மா.”

“எங்கீங்க பாய் போனாங்க?” என்று கேட்டுவிட்டேன். புரியாமல் கேட்கவில்லை. புரிந்துவிட்டது, அதனால் கேட்டேன். சேலம் ஆஸ்பத்திரியில் விடியும்போது மௌத்தாகிவிட்டதாகவும், வண்டி மலையேறத் தொடங்கிவிட்டதாகவும், மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் அவர் நிதானமாகச் சொன்னார். எனக்குத்தான் நிதானம் வரவில்லை. போனை வைத்ததும் முதலில் அழுகை வரவில்லை. கப்பல் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லையே என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம்தான் அழுதேன். ஏரி தெரியாத அந்தக் குடும்பமே எனக்குத் தண்ணீர் கொடுத்தது.

ஹமீதா அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் குடையும் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்றவர் அவர். காதர் பாயின் மனைவி. பிள்ளைகள் இல்லை. ஏற்காட்டில் மழைக்கும் குளிருக்கும் மாட்டிக்கொண்ட எவரும் என்றைக்காவது அவர் கடைப் படியை மிதித்திருப்பார்கள். ஆனால் மலைக்குக் கீழே அவரைத் தெரிந்தவர்கள் வேறு மாதிரி தெரிந்து வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானக் கதைத் தொடர்களைப் பற்றிப் பேசும் இணையப் பக்கங்களில் அவருக்கு ‘ஏற்காட்டுப் பொய்க்கார அக்கா’ என்று பெயர். அந்தப் பெயரோடு அவரை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. நாலு வரி எழுதுவதும், எழுந்து வாசல்வரை நடப்பதும், யாரையாவது கூப்பிட்டுச் சண்டை போடலாமா என்று யோசிப்பதுமாக இருக்கிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். எங்கள் ஊர் தலைச்சோலையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கினால் சரியான மழை. குடை வாங்கலாம் என்று அவர் கடைக்குள் ஓடினேன். ஸ்வெட்டர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சின்ன டிவி. அதில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் ஒரு பெரிய நகரத்தைப் பொசுக்கிக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. திரையைக் கைகாட்டினார்.

“ஏங்கண்ணு, இவனுங்க எப்பப் பாரு பெரிய ஊராப் பாத்தே வந்து எறங்கறானுங்களே, ஏன்?”

“ஆளு நெறைய இருப்பாங்க, அதனால இருக்கும்ங்க.”

“நம்மூருக்கு வந்து பாக்கட்டும். பஸ் ஸ்டாண்டுல கால வெச்சதும் ‘ரூம் வேணுங்களா சார், ஜீப் வேணுங்களா சார்’னு நம்மாளுங்க சுத்திக்குவாங்க. படையெடுக்கறதுக்கு நேரமே இருக்காது.”

சிரித்துவிட்டு, குடை வாங்க மறந்து, நனைந்துகொண்டே லாட்ஜுக்குப் போனேன். மறுநாளும் போனேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு படத்தை நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனதே கிடையாது. படத்தை எடுத்தவன் எதிரில் நிற்பதுபோல் கேள்வி கேட்பார். காலத்தில் பின்னோக்கிப் போகிற படம் பார்த்தால், “போறவன் பூராவும் சண்டைக்கே போறானுங்களே, ஒருத்தனாச்சும் அவங்கம்மா சின்னப் புள்ளையில எப்புடி இருந்தாங்கன்னு பாத்துட்டு வரப் போறானா?” என்பார். பழைய தொடர்களில் சுவர் ஆடுவதையும் விண்கலத்தின் கதவு அட்டை என்று தெரிவதையும் நாங்கள் கேலி செய்வோம். அவருக்குக் கோபம் வரும். “கதவு அட்டையா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். உள்ள இருக்கறவன் பயம் நெசமா இருக்குதில்ல?” என்பார். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாம் பளபளன்னு இருக்குது, ஒருத்தனுக்கும் பசிக்கவே மாட்டேங்குது,” என்று ஒதுக்கிவிடுவார்.

நீளமான, பேச்சே இல்லாத ஒரு விண்வெளிப் படம். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். “நல்ல படந்தான் கண்ணு. நொம்ப நாளா சரியாத் தூக்கமில்ல, நேத்துதான் நல்லாத் தூங்குனேன்,” என்றார். அடுத்த வாரம் அதே படத்தை மறுபடி பார்த்துவிட்டு, கடைக்கு வந்த எல்லோரிடமும், “நான் சொன்னது தப்புங்க. அந்த அமைதி இருக்குதே, அது பயமுங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்,” என்று சொல்லித் திருத்திக்கொண்டார். யாரும் கேட்காமலே செய்தார். தன் தப்பை இப்படிக் கூப்பிட்டுச் சொல்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் பொய் சொன்னாரா இல்லையா என்று பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போதுதான் ‘ஒன்பதாம் சுற்று’ வரத் தொடங்கியது. வெளிநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்து ஞாயிறு மாலைகளில் ஒளிபரப்பினார்கள். வழி தவறிய ஒரு விண்கப்பலும் அதில் மிச்சமிருக்கிற ஏழெட்டுப் பேரும்தான் கதை. ஊர் உலகத்தில் பெரிதாக யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பைத்தியமாகப் பார்த்தார்கள். அந்தப் பைத்தியங்களில் கணிசமான பேர் எப்படியோ இந்த மலையில் இருந்தோம்.

மலையில் டிவி பார்ப்பது எப்படி என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. மழை கனத்தால் டிஷ் சிக்னல் போய்விடும். காற்றடித்தால் சவுக்கு மரம் கம்பிமேல் சாய்ந்து கரண்ட் போய்விடும். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் போகாது. தலைச்சோலையில் எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் சிக்னல் போனால், மலைக்கு அந்தப் பக்க எஸ்டேட்டில் படம் ஓடும். அங்கே கரண்ட் போனால் ஒண்டிக்கடையில் இருக்கும். ஆக, யாருக்கும் ஒரு பகுதிகூட முழுசாகக் கிடைத்ததில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் அக்காவின் கடைமுன் கூடுவோம். நான் பார்த்த இடத்தை நான் சொல்ல, விட்ட இடத்தை இன்னொருவர் சொல்ல, முழுக்கதையும் அங்கேதான் உருவாகும். கிழிந்த ஸ்வெட்டரைத் தைத்துக் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்பார். அதனால் அதற்குத் ‘தையல்’ என்றே பெயர் வந்துவிட்டது.

தையலுக்கு அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஜீப் ஓட்டுகிற ஒருவர் கப்பலின் தலைவி அழுததாகச் சொன்னார். “ஒக்காந்து அழுதாளா, நின்னுக்கிட்டு அழுதாளா?” என்றார் அக்கா. அவர் யோசித்தார். “யோசிக்காதீங்க. பாத்திருந்தா யோசிக்க மாட்டீங்க,” என்று அவரைக் கிளப்பிவிட்டார். பாவம், அவர் ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

இந்தக் கூட்டத்தில் அக்காவுக்குச் சரிக்குச் சரி நின்றவர் ரைட்டர் பழனிசாமி. எஸ்டேட்டில் ஆள் கணக்கும் காப்பிப் பழ எடையும் எழுதுகிறவர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஆட்சேபணையோடு வந்து நிற்பார். அக்கா வெள்ளை என்றால் அவர் கறுப்பு என்பார். “ஏனுங்க பாயம்மா, வெட்டவெளியில சத்தமே கேக்காதுங்களே, குண்டு வெடிச்சா எப்புடி டமார்னு கேக்குது?” என்பார். “சத்தம் இல்லீன்னா உங்களுக்குத் தூக்கம் வந்துருங்க ரைட்டர், உங்களுக்காகத்தான் வெக்கறாங்க,” என்பார் அக்கா. இவர்கள் சண்டையைக் கேட்கவே சிலர் தொடரைப் பார்க்காமல் தையலுக்கு மட்டும் வருவார்கள். ரைட்டர் வராத திங்கட்கிழமைகளில் அக்கா சரியாகப் பேச மாட்டார்.

இனி அந்தப் பகுதி. கப்பலில் தரை துடைக்கிற ஒரு பழைய எந்திரம் உண்டு. தமிழில் அதற்குச் சின்னான் என்று பெயர் வைத்திருந்தார்கள். மலையில் எல்லோருக்கும் சின்னான்மேல் ஒரு இது. அன்றைய கதையில் கப்பல் ஒரு பனிக் கிரகத்தில் மாட்டிக்கொள்கிறது. பனிப்பாறைக் குகையின் இரும்புக் கதவு மூடிக்கொண்டே வருகிறது. எல்லோரும் தப்பித்து ஓடும்வரை சின்னான் அந்தக் கதவைக் கையால் தாங்கிப் பிடித்து நிற்கிறது. எல்லோரும் கப்பலில் ஏறிவிட்டார்கள். கப்பல் கிளம்புகிறது. சின்னான் இன்னும் கதவை விடவில்லை.

அந்த இடத்தில் எங்கள் வீட்டில் சிக்னல் போய்விட்டது. டிவியை அடித்தேன், டிஷ்ஷைத் திருப்ப மழையில் கூரைமேல் ஏறினேன், அம்மாவிடம் திட்டு வாங்கினேன். வரவில்லை. மறுநாள் தையலில் பார்த்தால் யாருக்குமே இல்லை. ரைட்டர் எஸ்டேட்டில் பகலிலிருந்தே கரண்ட் இல்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

“எனக்கு இருந்துச்சுங்க,” என்றார் அக்கா. ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “கப்பல் போயிருச்சு. புள்ளி மாதிரி ஆயிருச்சு. நானும் அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்பறம் அந்தப் புள்ளி பெருசாவுது. திரும்பி வருதுங்க. தலைவி தனியா எறங்கி அந்தப் பனியில நடந்து வர்றா. இவன் கதவப் புடிச்சுக்கிட்டே நிக்கறான். கிட்ட வந்து சொல்றா, ‘கதவ விடு சின்னான். வந்துட்டேன்’னு. அம்புட்டுத்தான். முடிச்சுட்டாங்க.”

ரைட்டர் ஏதாவது ஆட்சேபணை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அப்புடித்தானுங்க இருக்கோணும்,” என்றார். அக்கா சொன்னதை அவர் மறுக்காத ஒரே நாள் அது. அன்றைக்கே எஸ்டேட்டில் பழம் எடை போடுகிற இடத்தில் எல்லோருக்கும் அந்தக் காட்சியைச் சொல்லியிருக்கிறார். பழம் பறிக்கிற பெண்கள் சொல்லி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. தொடரையே பார்க்காதவர்கள்கூட ஒருவரை ஒருவர் ‘கதவ விடு சின்னான்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். என் அப்பா வேலை முடிந்து வந்து படியில் உட்கார்ந்தால் அம்மா அதைச் சொல்லித்தான் செருப்பைக் கழற்றச் சொல்வார்.

அதன்பின் சில வாரங்களிலேயே தொடரை நிறுத்திவிட்டார்கள், முடிவே இல்லாமல். மிச்ச வாரங்களில் சின்னான் வரவே இல்லை. காப்பாற்றி விட்டார்கள் என்றால் ஏன் காட்டவில்லை என்று ஒருவர் கேட்டார். “ரிப்பேருக்குப் போட்டிருப்பாங்க. அவ்வளவு நேரம் கதவப் புடிச்ச கை,” என்றார் அக்கா. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வருடங்கள் ஓடின. போனிலேயே எல்லாம் பார்க்கிற காலம் வந்தது. ஒரு நாள் ‘ஒன்பதாம் சுற்று’ முழுத் தொடரும் தமிழிலேயே கிடைக்கிறது என்று தெரிந்ததும் நான் துள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடையில் அப்போது பெரிய டிவி. ரைட்டருக்குச் சொல்லியனுப்பினோம். வேறு பகுதி எதற்கு, நேராகப் பனிக் கிரகத்துக்கே போனோம். மழை இல்லை, கரண்ட் போகவில்லை, ஒரு இடத்திலும் விட்டுப் போகவில்லை. கப்பல் கிளம்பியது. புள்ளியானது. பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

“கப்பல் திரும்பலீங்களே பாயம்மா,” என்றார் ரைட்டர்.

“இதுல வெட்டிட்டாங்க போலிருக்குதுங்க. மறுபடி போடு கண்ணு.”

மறுபடி போட்டேன். அடுத்த பகுதியின் தொடக்கத்தையும் போட்டேன். இல்லை. ரைட்டர் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“அளந்து உட்டுட்டீங்களா? இத்தன வருசமா எஸ்டேட் பூரா இதச் சொல்லிக்கிட்டுத் திரியறேன். என் பொண்ணு கல்யாணமாகிப் போறப்ப அழுதா, அவகிட்டயும் இதத்தான் சொன்னேன்.”

“தையல்ல நான் பாக்காத ஒண்ணச் சொன்னதில்லீங்க ரைட்டர்.”

“அப்ப இது என்னங்க?”

ரைட்டர் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் ஒண்டிக்கடை வந்தாலும் எதிர்ச்சாரியில் நடந்து போவார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவிக்காரர்கள் வேறு பிரதி வைத்திருந்திருக்கலாம், ஒரு நாட்டில் காட்டுவதை இன்னொரு நாட்டில் வெட்டுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த டிவிக்கே எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. காதர் பாயைக் கேட்டேன். விண்வெளிக் கப்பலைத் திரையில் கண்டாலே குறட்டை விடுகிற மனிதர் அவர். “நான் தூங்கிட்டேம்மா. கப்பல் வந்துச்சா போச்சான்னு எனக்கெப்புடித் தெரியும்? அவ மூக்கச் சிந்தற சத்தத்துலதான் முழிச்சேன்,” என்றார். அக்கா அழுதது உண்மை. கப்பல் போனதற்கு அழுதாரா, வந்ததற்கு அழுதாரா என்று அதிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியில் அந்தத் தொடரின் தமிழ் ரசிகர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில், கப்பல் திரும்புவதை யாராவது பார்த்தீர்களா, எங்கள் ஹமீதா அக்கா பார்த்திருக்கிறார் என்று எழுதிக் கேட்டேன். கேட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

பார்த்தேன் என்று ஒருவரும் வரவில்லை. சேலத்திலிருந்து படவிமர்சன சேனல் நடத்துகிற பிரவீன் என்ற பையன்தான் வந்தான். நான் எழுதியதை எடுத்துவைத்துச் சிரிக்கச் சிரிக்க ஒரு வீடியோ போட்டான். அக்காவின் டிஷ்ஷுக்கு நேராகவே விண்வெளியிலிருந்து சிக்னல் வந்திருக்கும் என்றான். கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். பொய்க்கார அக்கா என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். நான் மறைத்து வைத்தும் அக்கா அதைப் பார்த்துவிட்டார், முழுசாக, ஒரு இடம் விடாமல்.

“பையன் நல்லாப் பேசறான். கேமராவக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம், மூக்கு பெருசாத் தெரியுது,” என்றார். பிறகு வெகுநேரம் குடைகளை எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். “கடக்காரி கண்ணு நான். சாயம் போவாதுன்னு சொல்லி வித்தா போவக்கூடாது. சொன்ன சொல்லு நிக்கலீன்னா அப்பறம் என்ன இருக்குது? யாராச்சும் ஒருத்தர், நானும் பாத்தேன்னு சொல்லீட்டாப் போதும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்.”

அதற்குப் பிறகு கடையில் டிவி ஓடியது, ஆனால் அக்கா கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டார். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், “நான் என்னத்தக் கண்டேன், உனக்கு எப்புடி இருந்துச்சு சொல்லு,” என்பார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே என்னால் தாங்க முடியாதது அதுதான். எத்தனை மோசமான படத்தைப் போட்டுக் காட்டியாவது அவரைத் திட்ட வைக்கப் பார்த்தேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் இதயம் பலவீனமாகி விட்டது என்று சேலத்தில் சேர்த்தார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் பிடித்து இறங்கினேன். கடைசியாகப் பார்த்த அன்று என் பொறுமை போய், நேராகவே கேட்டேன்.

“அக்கா, நெசமாப் பாத்தீங்களா?”

“நீயுமா கண்ணு?”

“நானுந்தான். சொல்லுங்க.”

அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அவருக்குக் கோபம் வந்ததும், பழைய அக்கா திரும்பி வந்துவிட்டதுபோல் ஒரு சந்தோஷமும் இருந்தது.

“பாத்தேன். அவன் கையில பனி ஒட்டியிருந்துச்சு. விடுன்னு சொன்னதுக்கப்பறமும் வெரல் மடங்குனபடியே இருந்துச்சு. இதெல்லாம் நானா யோசிச்சிருக்க முடியுமா? எனக்கு அம்புட்டு அறிவு இருந்தா நான் ஏன் குல்லா விக்கறேன், படம் எடுத்திருக்க மாட்டேனா?” கொஞ்சம் ஓய்ந்து, “ரைட்டர் எப்புடி இருக்காருங்களாம்?” என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அடக்கத்தன்று நல்ல பனி. பெண்கள் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்களில் ரைட்டரும் தோள் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போது தோள் கொடுத்து என்ன பிரயோசனம்?

அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல், பூட்டிக் கிடந்த கடைமுன் எல்லோரும் வந்து நின்றோம். பழைய தையல் ஆட்கள். காதர் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரைட்டர் எங்களோடு சேராமல் ஓரமாக நின்றார். சேலம் பஸ்ஸிலிருந்து ஒரு பையன் ரோஜா மாலையோடு இறங்கி வந்தான். வீடியோ பிரவீன்தான். மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் முழித்தான். காதர் பாய் அதை வாங்கி, குடை மாட்டுகிற கொக்கியில் மாட்டினார்.

“அந்த வீடியோவ அழிச்சுட்டனுங்க,” என்றான் பிரவீன். “இப்புடி ஆவும்னு நெனைக்கலீங்க.” பிறகு மனசு கேட்காமல் கேட்டுவிட்டான். “ஏனுங்க, நெசமாலுமே அந்த சீன் இருந்துச்சுங்களா?”

காதர் பாய் தரையைப் பார்த்தார்.

“இருந்துச்சுங்க தம்பி,” என்றது ஒரு குரல். ரைட்டர். ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். “நானும் பாத்தேன். அன்னிக்கு எங்க எஸ்டேட்டுல கரண்ட் இருந்துச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று அங்கே கரண்ட் இல்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரவீன் போனை எடுத்து, “கேமராவுல சொல்லுவீங்களா?” என்றான். ரைட்டர் கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். கப்பல் திரும்பி வந்ததையும் தலைவி பனியில் நடந்து வந்ததையும் அக்கா சொன்ன வார்த்தை மாறாமல் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஆட்சேபணையே சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

கூட்டம் கலைந்ததும் அவரைத் துரத்திக்கொண்டு போய் வழியை மறித்தேன். “ஏனுங்க ரைட்டர், இத அக்கா இருக்கறப்பச் சொல்லியிருந்தா என்னங்க? இந்த ஒரு வார்த்தைக்குத்தானுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க!” கத்திவிட்டேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆஸ்பத்திரிக்குன்னு எத்தனையோ தடவ கௌம்பினேன் சாமி. அடிவாரம் வரைக்கும் போவேன், திரும்பிருவேன். நானும் பாத்தேன்னு சொன்னா, ‘அவ எந்தக் கையால அவனத் தொட்டா, சொல்லுங்க’ன்னு பாயம்மா கேட்டிருப்பாங்க. நான் முழிச்சிருப்பேன். பாவப்பட்டுப் பொய் சொல்றான்னு தெரிஞ்சிருந்தா, அது அவங்களுக்கு இன்னும் கேவலமில்லீங்களா? இப்பத்தான் சொல்ல முடிஞ்சுது. கேக்க அவங்க இல்ல.”

அவர் போய்விட்டார். என் கோபம் மட்டும் எங்கேயும் போகவில்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. பிரவீன் புது வீடியோவைப் போட்டான். அதற்குக் கீழே இப்போது, பொய்க்கார அக்காவுக்குத் துணையாக ஒரு பொய்க்கார ரைட்டரும் வந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். ரைட்டருக்கு யாரோ காட்டியிருக்கிறார்கள். “செரி, இருந்துட்டுப் போவட்டும்,” என்றாராம்.

இந்த வாரம் காதர் பாய் கடையைத் திறந்துவிட்டார். நேற்று வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பாய் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக் கசக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனிக் கிரகம். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“வாம்மா. கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கறானே, இவந்தான் சின்னானா?”

“ஆமாங்க பாய்.”

“எல்லாரும் ஏறிட்டாங்களே. இவன உட்டுட்டா போறாங்க?”

கப்பல் மேலே கிளம்பியது.

“கப்பல் திரும்பி வருமாம்மா?” என்று கேட்டார் பாய். திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னையே பார்த்தார்.

அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அன்று சிக்னல் இல்லை.

“வந்துச்சுங்க பாய்,” என்றேன். “அக்கா பாத்தாங்க.”

“அப்பச் செரி,” என்றார். கப்பல் புள்ளியாவதற்குள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

போய் வாருங்கள் அக்கா.